பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பிறகு கிடைக்கும் நான்கு மணி நேரம்: வீட்டில் செய்யத்தக்க குறைந்த முதலீட்டுத் தொழில்கள்

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியின் பெயர் 2023 ஜூலை மாதத்தில் தமிழகம் முழுவதும் அடிபட்டது. என்.எல்.சி. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக, கதிர் விடும் பருவத்தில் இருந்த நெல் வயல்களுக்குள் பொக்லைன் எந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டிய காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். இழப்பீடு, வேலைவாய்ப்பு, வழக்கு என்று அதன் பிறகு நிறையப் பேசப்பட்டது. குறைவாகப் பேசப்பட்ட ஒரு இழப்பு, அந்த வயல்களில் பெண்கள் செய்துவந்த வேலை. நடவுக்கும் களையெடுப்புக்கும் காலையில் போகிற பெண், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். வீட்டையும் பிள்ளைகளையும் விடாமல் செய்யக்கூடிய வேலையாக அது இருந்தது. நிலம் போகும்போது அந்த வேலையும் போய்விடுகிறது.

நெய்வேலி, மந்தாரக்குப்பம், சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களிலும் வேறு காரணங்களால் இதே கேள்வி எழுகிறது. கணவருக்கு ஒப்பந்த வேலை, அல்லது சிறு கடை, அல்லது வளைகுடாவிலிருந்து வரும் பணம். மாதக் கடைசியில் பற்றாக்குறை. மனைவிக்குத் திறமை இருக்கிறது, வெளியே போய் வேலை பார்க்கச் சூழ்நிலை இல்லை. "வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமா?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு, "எதில் லாபம் அதிகம்?" என்ற கேள்வியை முதலில் எடுக்க வேண்டாம் என்று சொல்வோம். "அந்த வேலை என்னிடம் எந்த நேரத்தைக் கேட்கிறது?" என்பதை முதலில் பாருங்கள்.

உங்களிடம் இருக்கும் நேரம் எவ்வளவு?

பள்ளி வேன் காலை எட்டரைக்கு வருகிறது, மாலை நாலரைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் எட்டு மணி நேரம். சமையல், துணி, கடைக்குப் போவது, லுஹர் தொழுகை, சாப்பாடு, சற்று ஓய்வு எல்லாம் போக நான்கு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. வாரத்துக்கு ஐந்து நாள், மாதத்துக்கு 80 மணி நேரம். உங்கள் முதலீட்டில் பெரும்பகுதி இதுதான்.

பள்ளிகள் ஆண்டுக்குச் சுமார் 210 நாட்கள்தான் நடக்கின்றன. மீதி 155 நாட்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மழை விடுமுறை, காய்ச்சல், தேர்வு எல்லாம் இதற்கு மேல். ஆகவே ஒரு வாரம் நிறுத்தினாலும் கெட்டுப்போகாத, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளாத தொழிலே தாய்மார்களுக்குப் பொருந்தும்.

இந்த அளவுகோலை வைத்தால், பலரும் சிபாரிசு செய்யும் சில தொழில்கள் உடனே விழுந்துவிடுகின்றன. டியூஷன் நல்ல தொழில்தான். ஆனால் மாணவர்கள் வருவது மாலை ஐந்து மணிக்கு. உங்கள் பிள்ளையின் வீட்டுப் பாடமும் மக்தபுக்கு அனுப்புவதும் அதே நேரத்தில்தான். மாலைச் சிற்றுண்டிக் கடையும் அப்படியே. மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது பள்ளி நேரத்துக்குள் முடியும். ஆனால் ஒருநாள்கூட விடுப்பு எடுக்க முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளருக்குத் தினமும் பசிக்கும். இட்லி மாவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காலையில் ஊற வைத்து மதியம் அரைத்துவிடலாம். வாங்க வருபவர்கள் மாலையில் வருவார்கள், வாசலில் ஐந்து நிமிட வேலை. மீந்த மாவு மறுநாள் புளித்துவிடும் என்பதால், முன்கூட்டி எண்ணிக்கை சொன்னவர்களுக்கு மட்டும் அரைப்பதே பாதுகாப்பு.

பொருந்துகிற தொழில்கள்

தையல் முதலிடத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசியை எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம். பெண்களே வாடிக்கையாளர்கள் என்பதால் பர்தாவுக்கும் சிக்கல் இல்லை. தையல் முழுமையாகத் தெரியாதவர் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, நைட்டி, பாவாடை, தலையணை உறை இவற்றில் தொடங்கலாம். நம் சமுதாயத்துக்கென்றே தேவைப்படும் பொருட்களும் இருக்கின்றன: தொழுகை மக்கனா, மதரஸா மாணவிகளுக்கான சீருடை, அபாயா. அபாயாவை ஆயத்தமாக வாங்கும் பெண்கள்கூட உயரம், கை நீளம் சரியில்லாமல் அதைத் திருத்தத் தையற்காரரைத் தேடுகிறார்கள். திருத்தும் வேலைக்குத் துணியில் முதலீடே தேவையில்லை. பழைய கால் மிதி எந்திரம் ஒன்று போதும். மோட்டாரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மசாலாப் பொடி, வத்தல், வடகம், அப்பளம். கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதையும் வெயிலில் காயவைக்க முடியாது. வத்தல் போட ஏற்ற சித்திரை, வைகாசி வெயில் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் வருகிறது (காக்கை விரட்ட ஆள் கிடைக்கும் என்பதை லாபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்). எனவே கோடையில் காயவைத்து, ஜூன் முதல் பள்ளி நேரத்தில் பொட்டலம் போட்டு விற்பது என்று ஆண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வேலை முந்திரி. பண்ருட்டி வட்டாரத்தில் பெண்கள் வீட்டில் வைத்தே முந்திரிப் பருப்பின் தோல் உரித்துக் கிலோ கணக்கில் கூலி பெறுகிறார்கள். முதலீடு ஒரு சிறு கத்தி. ஆனால் கொட்டையை உடைக்கும் வேலையைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். தோல் உரிப்பதை மட்டும் ஏற்றுக்கொள்வதே நல்லது. உடைந்த பருப்புக்குக் கூலி எப்படி என்பதை வேலை வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஏழு பெண்கள், எண்பது ரூபாய்

நேரத்தைக் கொண்டு தொழிலை அமைப்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலங்கள். அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் அப்பளமாக வளர்ந்தது. முதல் ஆண்டின் மொத்த விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் நான்கு மாதங்கள் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கி, கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள்.

நமக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் பெருகி மொட்டை மாடியில் இடம் போதாமல் போனபோது, மாவை மட்டும் ஓரிடத்தில் பிசைந்து, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தனுப்பினார்கள். பெண்கள் வீட்டில் தமக்கு வசதியான நேரத்தில் அப்பளம் இட்டுக் கொண்டுவந்தார்கள். அங்கே எடை போட்டுப் பொட்டலம் கட்டினார்கள். தரம் ஓரிடத்தில், உழைப்பு அவரவர் வீட்டில். நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். லாபமும் நட்டமும் எல்லோருக்கும் பொது.

ஒரு மஹல்லாவில் ஐந்து சகோதரிகள் சேர்ந்தால் இதே முறையைச் சாம்பார் பொடிக்கும் மக்கனாவுக்கும் பயன்படுத்தலாம். ஒருவர் பொருள் வாங்குவார், ஒருவர் அளவு வெட்டுவார், மற்றவர்கள் வீட்டில் தைப்பார்கள். ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் அந்த வேலையை எடுத்துக்கொள்வார். தனியாகச் செய்யும் பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது.

கணக்கும் கடனும்

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். விலைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ சாம்பார் பொடிக்குப் பொருட்களும் மில் கூலியும் 1,400 ரூபாய், உறைகள் 60 ரூபாய். கிலோ 400 என்று விற்றால் 2,000 வரும். மிச்சம் 540. சுத்தம் செய்து, வறுத்து, அரைத்துப் பொட்டலம் போட ஆறு மணி நேரம் ஆனால் மணிக்கு 90 ரூபாய். சரி, பரவாயில்லை. ஆனால் "அப்புறம் தர்றேன்" என்று ஒரு கிலோ வாங்கிய உறவினர் தராமல் விட்டால் மிச்சம் 140 தான். மணிக்கு 23 ரூபாய் ஆகிவிடும். வீட்டுத் தொழில்கள் பெரும்பாலும் போட்டியால் மூடப்படுவதில்லை, இந்தக் கூச்சத்தால்தான் மூடப்படுகின்றன என்பது எம் கருத்து. கடனை எழுதி வைக்கச் சொல்லி அல்லாஹ் திருக்குர்ஆனில் (2:282) விரிவாகக் கட்டளையிட்டிருக்க, மாமி மகளிடம் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம்.

முதலீட்டுக்காக வாரத் தவணைக் குழுக் கடன் வாங்க வேண்டாம். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். தவணை வாராவாரம் வரும், வத்தல் வருமானமோ ஆண்டில் சில மாதங்கள்தான் வரும். நகை இருக்கிறதே என்று வட்டிக்கு அடகு வைப்பதும் அதே கதிதான். ஏலம் இல்லாமல் குலுக்கல் முறையில் எல்லோருக்கும் முழுத் தொகை போகும் சீட்டு, பைத்துல் மால் வழங்கும் வட்டியில்லாக் கடன் ஆகியவை இருக்கின்றன. உங்கள் ஊர் இமாமிடம் விவரம் கேட்டுச் சேருங்கள்.

அரசு உதவியில் பலருக்குத் தெரியாதது, ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம். ஆதரவற்ற, கணவரை இழந்த, ஏழை முஸ்லிம் பெண்களுக்குத் தொழில் உதவி செய்வது இதன் நோக்கம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். விதவைகளுக்கும் வறுமையில் உள்ள பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. அது சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியம் உண்டு, ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. மானியத்தை மட்டும் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம்.

உணவுப் பொருள் விற்பவர்கள், வீட்டில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2011 ஒழுங்குமுறைகளின்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியை இ-சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பதிவு எண், முகவரி, எடை, தயாரித்த நாள், விலை இருக்க வேண்டும். எடை குறைப்பவர்களை எச்சரிக்க ஒரு தனி சூராவே (83) இறங்கியிருக்கிறது. சமையலறைத் தராசின் பேட்டரி தீர்ந்தால் அது தவறான எடை காட்டும், கவனியுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர்.

"வீட்டிலிருந்தே பேனா பேக்கிங், மாதம் 30,000" என்று வாட்ஸ்அப்பில் வருவதில் முன்பணம் கேட்டால் அது மோசடி. "எந்திரம் வாங்குங்கள், செய்த பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்பதும் பெரும்பாலும் எந்திரம் விற்கும் தந்திரமே. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தொழிலுக்கு என்று தனி எண் வைத்துக்கொள்வதும், வீட்டு முகவரியைப் பொதுக் குழுக்களில் போடாமல் இருப்பதும் பெண்களுக்குப் பாதுகாப்பு.

வருமானம் யாருடையது?

மனைவி சம்பாதிக்கத் தொடங்கியதும், வீட்டுச் செலவைச் சத்தமில்லாமல் அவர் தலையில் ஏற்றிவிடும் கணவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்பது குர்ஆனின் (4:32) தீர்ப்பு. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை கணவருக்கே. மனைவி மனமுவந்து கொடுத்தால் அது அவருடைய நன்மை. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைவேலை செய்து ஈட்டியதைத் தர்மம் செய்துவந்தார்கள் என்பதை ஹதீஸ்களில் காண்கிறோம். அவர்கள் உழைப்பின் பலனை எப்படிச் செலவிடுவது என்பது அவர்களுடைய முடிவாகவே இருந்தது.

கணவர் செய்யக்கூடிய உதவி வேறு. மில்லுக்கு மூட்டை தூக்குவது, வாரம் ஒருமுறை மொத்தக் கடைக்குப் போய்வருவது, பாக்கியைக் கேட்டு வாங்குவது. 80 மணி நேரத்தில் 10 மணி நேரத்தை இப்படி மிச்சப்படுத்தலாம்.

விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்குக்கும் ஜகாத் கணக்கு உண்டு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை இருப்பை எண்ணி எழுதி வையுங்கள். தையல் செய்பவர்கள் ரமலானில் பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு புதிய துணி வாங்குவதை நிறுத்திவிட்டால், கடைசிப் பத்து இரவுகள் எந்திரத்தின் முன்னால் போகாது.