பேட்கர், முரளிகாந்த் (பிறப்பு 1944)

மகாராஷ்டிரத்துச் சாங்கலி ஜில்லாவிற் பிறந்து, இந்தியச் சேனையிற் சேர்ந்து குத்துச்சண்டையிற் பெயர்பெற்ற இவர், 1965 ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் யுத்தத்திற் குண்டுகள் பாய்ந்து இடுப்பின் கீழ்ச் சரீரம் செயலிழந்து, சக்கர நாற்காலியே கதியென்றான பின்னும் விளையாட்டைத் துறந்தாரில்லை. முதுகுத்தண்டு சிதைந்த போர்வீரர்களின் பொருட்டு டாக்டர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியிற் போட்டிகளை ஆரம்பித்தது 1948 ஜூலையில். அப்போட்டிகளின் வழிவந்த பாராலிம்பிக்கில், 1968 இல் டெல் அவிவில் மேசைப்பந்தாடிய பேட்கர், 1972 இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்து, உலக சாதனையோடு இந்தியாவின் முதற் பாராலிம்பிக் தங்கத்தையும் பெற்றார். ஈட்டியெறிதலிலும், சக்கர நாற்காலியை வளைத்து வளைத்துச் செலுத்தும் ஸ்லாலம் பந்தயத்திலும் அங்கே பங்கெடுத்தார். ஈப்போ வாசகர்க்கு ஒரு விசேஷம்: மலேசியா முதன்முதலாகக் கலந்துகொண்ட பாராலிம்பிக்கும் அதுவே. இத்தகையவருக்குப் பத்மஸ்ரீ விருது 2018 இலேதான் கிட்டியது என்பது, சர்க்கார் மரியாதையின் மந்தகதிக்குத் தக்க சாட்சியம். 2024 இல் இவர் சரித்திரம் 'சந்து சாம்பியன்' என்னும் ஹிந்தித் திரைப்படமாயிற்று.