டெட்ராய்ட் தந்த சின்ன கார்கள்

அமெரிக்க மசில் கார்களின் மாடல் கிட், கார் விளம்பரத்தின் பிள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்து கார் ஆலைகள் மறுபடி சுறுசுறுப்பானபோது, அந்த வருடத்துப் புதிய காரின் சிறு உருவத்தை ஷோரூம் மேசையில் வைத்து விற்பனைக்குப் பயன்படுத்தும் வழக்கம் டெட்ராய்ட்டில் பரவியது. அப்பாவுடன் ஷோரூமுக்கு வந்த பையனின் கையில் அதைக் கொடுத்து அனுப்பினால், வீட்டில் அந்தக் காரைப் பற்றிய பேச்சு ஓயாது. இந்த வியாபாரத்தை நம்பி இரண்டு நிறுவனங்கள் எழுந்தன. ஜான் ஹேன்லி தொடங்கிய ஜோ-ஹான் ஒன்று. வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் 1948இல் தொடங்கிய ஏஎம்டி மற்றொன்று. அலுமினியம் மாடல் டாய்ஸ் என்பதே ஏஎம்டியின் விரிவு. முதல் ஃபோர்டு மாடலை அலுமினியத்தில் வார்த்த அந்த நிறுவனம், விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறியது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

முதலில் பயன்பட்ட அசிடேட் பிளாஸ்டிக் நாளாக நாளாகச் சுருங்கி வளையும் குணம் கொண்டது. அதனால்தான் 1950களின் ஷோரூம் மாடல்கள் பலவற்றில் இன்று கூரை தொய்ந்தும் பானட் முறுக்கிக்கொண்டும் இருப்பதைப் பார்க்கிறோம். 1960களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்தது. வடிவம் மாறாமல் நிற்பதும், பசையால் உருகி உறுதியாக ஒட்டிக்கொள்வதும் அதன் பலம். கட்டிச் சேர்க்கும் கிட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் அமைந்திருக்க முடியாது.

1958இல் ஏஎம்டி ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. ஷோரூம் மாடலை வார்த்த அதே அச்சிலிருந்து பாகங்களைத் தனித்தனியாக எடுத்துப் பெட்டியில் போட்டு, பொம்மைக் கடைகளில் விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் மூன்று விதமான கார்கள். ஆலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்கார மாற்றங்களோடு கட்டலாம், பந்தய வண்டியாகவும் கட்டலாம். பையன்கள் எஞ்சிய பாகங்களைச் சேர்த்து வைத்து அடுத்த காரில் பொருத்தினார்கள். இந்தப் பழக்கம்தான் கிட்டை ஒரு முறை கட்டி முடித்து மறந்துவிடும் பொருளாக இல்லாமல், ஆண்டு முழுதும் தொடரும் ஈடுபாடாக மாற்றியது. ஆரம்ப கிட்களில் எஞ்சின் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் பானட் திறந்து, உள்ளே வி8 எஞ்சின் வந்து உட்கார்ந்தது.

அப்படி மேடை தயாராக இருந்த நேரத்தில்தான், நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்திய மசில் கார் பிறந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள் விதி. பான்டியாக் பிரிவினர் 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் காரில் கூடுதல் வசதி என்ற பெயரில் பொருத்தி, அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜிடிஓ என்ற பெயரில் 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்தக் கார், அதே ஆண்டிலேயே 32,000க்கு மேல் விற்றது. பிறகு டாட்ஜ் சார்ஜர், செவ்ரோலெட் கமேரோ, பிளிமத் ரோட் ரன்னர் என்று வரிசை நீண்டது. 1970இல் செவெல் எஸ்எஸ் 454 காரின் எஞ்சின் 450 குதிரைத்திறன் வரை தந்தது. ஓட்டுநர் உரிமம் கிடைக்காத வயதுப் பையனுக்கு இந்தக் கார்கள் எட்டாக்கனி. கிட்டோ சில்லறைக் காசில் கிடைத்தது.

போட்டியும் கூடியது. ஏஎம்டியில் பணியாற்றிய ஜார்ஜ் டோடெஃப் 1963இல் வெளியேறி, மிச்சிகனின் மவுன்ட் கிளெமன்ஸ் ஊரில் எம்பிசி நிறுவனத்தைத் தொடங்கினார். பான்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வேங்கர்ஸ் எம்பிசியோடு கைகோத்தார். தி மங்கீஸ் தொலைக்காட்சித் தொடருக்காக டீன் ஜெஃப்ரிஸ் ஜிடிஓவை மாற்றியமைத்து உருவாக்கிய மங்கீமொபைல் இந்தக் கூட்டின் விளைச்சல். ஒரு கார், ஒரு தொலைக்காட்சித் தொடர், ஒரு கிட் மூன்றும் ஒன்றையொன்று விற்றன.

டெட்ராய்ட் நிறுவனங்களுக்குக் கார் ஆலைகளோடு இருந்த உறவுதான் அவற்றின் உண்மையான மூலதனம். புதிய கார் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் வரைபடங்கள் ரகசியமாக அவற்றின் கைக்கு வந்தன. மரத்தில் செதுக்கிய பெரிய மூல உருவத்தை பான்டோகிராஃப் கருவியின் ஒரு முனை தடவிச் செல்ல, மறுமுனை அதே வளைவுகளைச் சிறிதாக்கி எஃகில் வெட்டியது. மூல உருவம் பத்தில் ஒரு பங்கு, மாடல் 25இல் ஒரு பங்கு. ஐந்து மீட்டர் நீளமுள்ள கார் இந்த அளவில் 20 சென்டிமீட்டராகிறது. சிகாகோவில் 1945இல் பிறந்த மோனோகிராம் நிறுவனம் பெரும்பாலும் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் 1/24 அளவைக் கையாண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர்தான். ஆனாலும் ஒன்றின் எஞ்சினை மற்றொன்றில் பொருத்தப் பார்த்தவர்களுக்கு அந்த எட்டு மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

ஒரு கிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது உருவான விதம் அதன் மேலேயே எழுதியிருக்கும். காரின் மேற்கூடு ஒரே துண்டு. எல்லாப் பக்கமும் வளைவுகள் கொண்ட அதை இரண்டு பாதி அச்சில் வார்க்க இயலாது. மேல், முன், பின், இரு பக்கங்கள் என நகரும் எஃகுத் துண்டுகள் ஒன்றுகூடிப் பொருந்த, நடுவில் உருகிய பாலிஸ்டைரீன் பெரும் அழுத்தத்தில் பாய்கிறது. குளிர்ந்ததும் துண்டுகள் விலகிக் கூட்டை விடுவிக்கின்றன. அவை சந்தித்த இடங்களில் மயிரிழை போன்ற கோடு மிஞ்சும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் பெயின்ட் அடித்தால், பளபளப்பு ஏற ஏறக் கோடும் எடுப்பாகத் தெரியும். பம்பர், கிரில், சக்கரத்தின் நடுப்பகுதி ஆகியவற்றுக்குக் குரோம் பூச்சு தருவது வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கப்பட்டுப் படியும் அலுமினியம். டயர் மென்மையான வினைலில் ஆனது. அதிலிருந்து கசியும் மென்மையூட்டும் ரசாயனம், பெட்டிக்குள் பல ஆண்டுகள் ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல அரித்துவிடும். பழைய பெட்டியைத் திறந்ததும் விவரமறிந்தவர்கள் முதலில் டயர் எதன்மேல் கிடக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

பசையும் வரலாற்றில் ஓர் இடம் பெற்றது. அதிலிருந்த டொலுயீன் ஆவியைப் போதைக்காக முகரும் பழக்கம் 1960களில் இளைஞர்களிடையே பரவிப் பெரும் கவலையாகி, பல ஊர்களில் சிறுவர்களுக்குப் பசை விற்கக் கட்டுப்பாடு வந்தது. டெஸ்டர்ஸ் நிறுவனம் மூக்கை எரிக்கும் கடுகு எண்ணெய்ச் சத்தைப் பசையில் கலந்து அதைத் தடுத்தது.

கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கிரில்லையும் பின்விளக்கையும் மாற்றின. மாடல் நிறுவனங்களும் கூடவே ஓட வேண்டியிருந்தது. எஃகு அச்சு செய்வது பெருஞ்செலவு. ஆகவே புது அச்சு செய்யாமல், போன வருட அச்சையே வெட்டியும் நிரப்பியும் இந்த வருடக் காராக்கினார்கள். அந்த நொடியில் போன வருடக் கார் நிரந்தரமாக அழிந்தது. 1960களின் பல அசல் கிட்கள் மறுபடி அச்சேற வழியில்லாமல் போனதற்கு இதுவே முதற்காரணம். அன்றைய முதலாளிகளைக் குறை சொல்ல முடியாது. பழைய காரை யாரும் கேட்காத சந்தையில், பழைய அச்சைக் காப்பாற்ற யாருக்கும் முகாந்திரம் இல்லை.

மசில் காரின் ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. இளைஞர்களுக்கு எகிறிய காப்பீட்டுக் கட்டணம், 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய்த் தடை என்று அடி மேல் அடி. எண்ணெய் நெருக்கடி கிட்டையும் விட்டுவைக்கவில்லை. பாலிஸ்டைரீனும் எண்ணெயிலிருந்து வருவதுதானே. சாலையில் வலுவிழந்த கார்கள் வந்தபோது அவற்றின் மாடலை வாங்கவும் ஆர்வம் குறைந்தது. எம்பிசி ஸ்டார் வார்ஸ் கிட்களுக்குத் திரும்பியது. ஏஎம்டி 1978இல் மேட்ச்பாக்ஸ் கார்களின் லெஸ்னி நிறுவனத்திடம் போய், 1980களில் அயோவா மாநிலத்தின் எர்டலிடம் வந்து சேர்ந்தது. பின்னாலேயே எம்பிசியும் அங்கேயே வந்தது. கடைத்தட்டில் இருபது ஆண்டுகள் மோதிய இரு பெயர்களும் ஒரே முதலாளியின் கீழ் வந்தன. மோனோகிராம் 1986இல் மற்றொரு கிட் நிறுவனமான ரெவெலுடன் இணைந்தது.

இதற்கிடையே 1979இல் தொடங்கிய தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட் தொடர், பத்து வயதான ஆரஞ்சு நிற 1969 சார்ஜரை நாயகனாக்கியது. படப்பிடிப்பில் நூற்றுக்கணக்கான அசல் சார்ஜர்கள் நொறுங்கின. ஜெனரல் லீ என்ற அந்தக் காரின் எம்பிசி கிட் வீடுகளில் பெருகியது. பழைய காருக்கும் சந்தை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1960களில் கிட் கட்டிய பையன்கள் 1980களில் சம்பாதிக்கும் ஆண்களாகியிருந்தார்கள். அவர்களுக்காக மோனோகிராம் 1970 செவெல், பிளிமத் சூப்பர்பேர்டு போன்றவற்றைப் புதிய 1/24 அச்சுகளில் தந்தது. ஏஎம்டியும் ரெவெலும் பின்தொடர்ந்தன. அசல் கார்களை நேரில் அளந்து செய்த இந்த இரண்டாம் தலைமுறை கிட்கள், எஞ்சின் அறையிலும் அடிச்சட்டத்திலும் 1960களின் கிட்களைவிடத் துல்லியமானவை. மேற்கூட்டின் உருவமைப்பில் பழையவை பல இடங்களில் இன்னும் முந்தி நிற்கின்றன. ஆலையின் சொந்த வரைபடத்திலிருந்து வந்தவை அல்லவா.

அதன் பின் நடந்தது பெரும்பாலும் கைமாற்றங்களின் கதை. ரெவெலை வைத்திருந்த ஹாபிகோ நிறுவனம் 2018 தொடக்கத்தில் திவாலாக, அந்தப் பெயரை ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஏஎம்டி, எம்பிசி இரண்டும் இன்று இண்டியானா மாநிலத்தின் சவுத் பென்டிலுள்ள ரவுண்ட் 2 நிறுவனத்தின் வசம். தொலைந்துபோன அச்சுகளின் கிட்களை அந்த நிறுவனம் மீண்டும் உருவாக்கத் தொடங்கியிருக்கிறது. கட்டப்படாமல் தப்பிய அசல் கிட்டின் பாகங்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, அதிலிருந்து புதிய எஃகு அச்சு வெட்டுகிறார்கள். ஆகவே அறுபது வருடப் பழைய கிட் பரணில் பிரிக்கப்படாமல் இருந்தால், அதன் உரிமையாளர் கத்தியையும் பசையையும் எடுக்கும் முன் அது எந்த ஆண்டு அச்சு என்று பார்த்துவிடுவது நல்லது.