செய்தித்தாளில் உணவுப் பொட்டலம்

பலகாரத்தையோ சாப்பாட்டையோ பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும் கடை வழக்கம் இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. தடை எந்த அளவில் நிற்கிறது என்பதை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு டீக்கடை முன் நின்றாலே பார்த்துக்கொள்ளலாம்.

வாணலியிலிருந்து எடுத்த மசால்வடையைத் தாளில் வைத்து, எண்ணெய் போக இரண்டு அமுக்கு. தாள் கண்ணாடிபோல் தெளிந்து மறுபக்கத்து எழுத்தும் தெரியும். தின்று முடித்தால் விரல் நுனியில் கருப்பு. நாளிதழ் மை பெரும்பாலும் கரித்தூளைக் கனிம எண்ணெயில் குழைத்தது. அச்சானபின் அது கெட்டிப்பட்டு உலர்வதில்லை, தாளுக்குள் ஊறி நிற்பதோடு சரி. சூடான எண்ணெய் பட்டால் இளகி வந்துவிடும். அதனால்தான் இட்லியைவிடப் பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் ஆபத்து அதிகம். கனிம எண்ணெயிலுள்ள அரோமாட்டிக் சேர்மங்களில் சில, மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் கருத்துரைத்தது. மையில் ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கலாம். வீடு, பழைய பேப்பர் கடை, மூட்டை என்று பல கை மாறி வந்த தாளில் கிருமிக்கும் குறைவிராது. ஒரு வடையால் யாரும் மயங்கி விழப்போவதில்லை. தினம் இரண்டு வேளை அதே கடையில் தின்பவரின் கணக்கு வேறு.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. பின்னர் வந்த 2018ஆம் ஆண்டு பொதிவு விதிமுறைகள், உணவை வைக்கவும் மடிக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்றன. பொதிவின் அச்சிட்ட பக்கம் உணவில் படுவதையும் தடுத்தன. 2023 செப்டம்பரில் ஆணையம் மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது.

தமிழ்நாட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் முன்பு உள்ளே வாழை இலையும் வெளியே தாளும் இருக்கும். சோறு மையைத் தொடாது. இலையின் இடத்துக்கு வந்த பிளாஸ்டிக் தாளை மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஆறே மாதத்தில் செய்தித்தாளும் போயிற்று. சட்டப்படி இப்போது மிஞ்சுவது இலை, அச்சிடாத உணவுத்தாள், எவர்சில்வர் டப்பா போன்றவை.

இவை எதுவும் கடையில் இல்லையென்றால் வடையைத் தட்டில் வாங்கி அங்கேயே தின்றுவிடலாம்.