கத்தி மூட்டிய அனல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்றொரு சிறு நகரம் உண்டு. 1872இல் அங்கே ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து சினைப்பைகள் இரண்டையும் எடுத்தார். கட்டி இருந்ததற்காக எடுக்கவில்லை. மாதவிடாய்க்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் அவளுடைய மற்ற உபாதைகளும் தீரும் என்று கணக்குப் போட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாசன் டெய்ட்டும் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹேகரும் இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். பிறகு வலிப்பா, மனக்கோளாறா, தீராத வயிற்றுவலியா, எடு சினைப்பையை என்றாகிவிட்டது.

பிழைத்து எழுந்தவர்களைப் புதிய தொல்லை பிடித்துக்கொண்டது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும், குப்பென்று வேர்த்துக் கொட்டும், அடங்கியதும் உடம்பு குளிரும். இரவில் இதுவே நாலைந்து முறை வந்தால் தூக்கம் போச்சு. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது (மெனோபாஸ்) சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கித்தான் குறையும். சினைப்பையை எடுத்துவிட்டால் சில நாட்களிலேயே வற்றிவிடும். கருப்பையை மட்டும் எடுத்தவர்களுக்கு இந்த வேகம் இருக்காது என்றாலும், சிலருக்கு மெனோபாஸ் சில ஆண்டுகள் முந்திக்கொள்வதுண்டு.

அன்றைய மருத்துவர்கள் நரம்பைக் குற்றம் சொன்னார்கள். சினைப்பையோடு சேர்ந்து நரம்புகளும் அறுபட்டதன் விளைவு என்றார்கள். வியன்னாவில் ருடால்ஃப் க்ரோபாக்கின் உதவியாளர் எமில் க்னாவர் முயல்களை வைத்து இதைச் சோதித்தார். சினைப்பையை வெட்டி உடம்பில் வேறோர் இடத்தில் ஒட்டவைத்தார். கருப்பை சுருங்காமல் நின்றது. அப்படியென்றால் வேலை செய்வது நரம்பல்ல, இரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒரு பொருள்! 1896இல் பெர்லினில் லாண்டாவ் மருத்துவமனையில் மைன்ட்சர் என்பவர், அறுவை முடிந்த பெண்ணுக்கு மாட்டின் சினைப்பையை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். விரைவில் உலர்த்திப் பொடித்த சினைப்பை மாத்திரைகள் கடைக்கு வந்தன. சினைப்பை தான் சுரப்பதைச் சேமித்து வைப்பதில்லை என்பதால் அவற்றில் சரக்கு மிகக் குறைவு. இருந்தும் விற்றன.

சரக்கு கிடைத்தது சிறுநீரில். எட்வர்ட் டாய்சியும் அடால்ஃப் பூட்டநாண்ட்டும் 1929இல் தனித்தனியே ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனைப் படிகமாகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு, இன்சுலினைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஜேம்ஸ் காலிப்பின் ஆய்விலிருந்து பிறந்த ‘எம்மெனின்’ கனடாவில் விற்பனைக்கு வந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கி, நிறைமாதக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது அது. விலையும் அதிகம், வரத்தும் போதவில்லை. சினையான குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதை பெர்ன்ஹார்ட் சோண்டெக் 1930இல் காட்டியதும் வழி திறந்தது. 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் அந்தச் சிறுநீரிலிருந்து எடுத்த ‘பிரெமரின்’ வந்தது. அதற்காகக் கனடியப் பண்ணைகளில் குதிரைகள் மாதக்கணக்கில் கொட்டடியில் கட்டுண்டு நின்றன. இந்த வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத பெண் இனம் அது.

1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மெனோபாஸே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் என்றும் இளமை என்று புத்தகம் போட்டார். விற்பனை பறந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்று கூடுகிறது என்று 1975இல் இரண்டு ஆய்வுகள் சொன்னபோது பறந்தது கீழே விழுந்தது. பிறகு புரோஜெஸ்டின் என்ற காவலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கருப்பை இல்லாதவர்களுக்கு அந்தக் காவல் தேவையில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் 2002இல் பலர் மறந்தார்கள். அமெரிக்க அரசின் பெரும் ஆய்வொன்றில் இரண்டு மருந்தும் சேர்ந்த பிரிவு, மார்பகப் புற்றும் இதயநோயும் கூடியதால் ஜூலையில் நிறுத்தப்பட்டது. செய்தி படித்த பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள், கருப்பை எடுத்தவர்களும் சேர்ந்தே. அவர்களுக்கென்றே 10,739 பேர் கொண்ட தனிப் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. 2004இல் அதுவும் நின்றது. காரணம், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 12 பக்கவாதம் கூடியது. மார்பகப் புற்று கூடவில்லை. இன்னொன்று: அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியது. நாற்பதில் அறுவை செய்துகொண்டு இரவெல்லாம் வேர்த்துக் கிடப்பவளுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்தியது அநியாயம்.

அனல் எங்கே மூள்கிறது என்பதை அரிசோனாவில் நவோமி ரான்ஸ் இறந்தவர்களின் மூளையில் தேடினார். மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் சில நரம்பணுக்கள் பெருத்திருப்பதை 1990களின் தொடக்கத்தில் கண்டார். ஈஸ்ட்ரோஜனின் கடிவாளம் போனதும் அவை துள்ளி, உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தூண்டிவிடுகின்றன. அந்தச் சமிக்ஞையை மறிக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது; கல்லீரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கை 2024 டிசம்பரில் சேர்ந்தது. ஹார்மோன் ஆகாது என்பவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் அனலைத் தணிப்பதோடு அதன் வேலை முடிகிறது, எலும்பைக் காக்க அது போதாது. ஆகவே 45 வயதுக்கு முன் சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு, மார்பகப் புற்று போன்ற தடை இல்லாவிட்டால், இயல்பாக மெனோபாஸ் வரும் வயதுவரை ஈஸ்ட்ரோஜனையே மருத்துவ வழிகாட்டிகள் இன்றும் முன்வைக்கின்றன.