இரத்தத்தில் புளிப்பு ஏறுமா?



புக்கிட் மேராவில் நான் காய்கறி வாங்கும் சந்தையில் வயதான அம்மாள் ஒருவரை அடிக்கடி சந்திப்பதுண்டு. ஜொகூரில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சில வாரங்களுக்கு முன் அவர் என்னை நிறுத்தி, "தம்பி, என் இரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டதாம். கைகால் அரிப்புக்கும் அதுதான் காரணமாம். இந்தக் காரத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை மாத்திரைகூட வேண்டாமாம்" என்று ஒரு புட்டியைக் காட்டினார். யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்துப் புளோக்கில் யாரோ சொன்னார்களாம். மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தது.

அந்த அம்மாளுக்குப் புளிப்பையும் காரத்தையும் பற்றி நான் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு அது கைப்பழக்கம். மங்கில் இறங்கிய பால் வெயில் ஏற ஏறப் புளித்துத் திரிந்து கட்டிப்பாலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. கெட்டியாகாமல் வைத்திருக்க அமோனியா விடுவார்கள், அது காரம். ஸ்டோரில் ஷீட் போடுவதற்கு ஃபார்மிக் ஆசிட் கலப்பார்கள், அது அமிலம். காரம் என்றவுடன் மிளகாயை நினைக்க வேண்டாம். சாம்பல், சுண்ணாம்பு, சோடா உப்பு, சவர்க்காரம் ஆகியவற்றில் உள்ள குணத்தையே விஞ்ஞானத்தில் காரம் என்கிறோம். இதை அளக்க 1909-இல் டென்மார்க் நாட்டு ரசாயன அறிஞர் சோரன்சென் ஓர் அளவுகோலை வகுத்தார். பி.எச். என்பது அதன் பெயர். 7 நடு, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்.

நலமாக இருக்கும் மனிதரின் இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும். அதாவது இலேசான காரம். மத்தி மீன் தின்றாலும் முருங்கைக்கீரை தின்றாலும் அது அங்கேயேதான் நிற்கும். நிறுத்திவைப்பவை நுரையீரலும் சிறுநீரகமும். அமிலம் சற்றுக் கூடினால் மூச்சு தானாகவே ஆழமாகிக் கரியமிலவாயுவை அதிகமாக வெளியேற்றும். மிச்சத்தைச் சிறுநீரகம் கழிக்கும். போதாததற்கு, நம் சமையல்கட்டுச் சோடா உப்பில் உள்ள அதே பைகார்பனேட் இரத்தத்திலும் கையிருப்பாக இருக்கிறது. புட்டியில் வந்த காரத் தண்ணீரோ முதலில் இரைப்பையில் விழ வேண்டும். அங்கே இருப்பதோ கடுமையான அமிலம். தண்ணீரின் காரம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் உணவுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு; ஆனால் அது சிறுநீரில்தான் தெரியும். பிரான்சு நாட்டு அறிஞர் குளோத் பெர்னார் இதை முயல்களிடம் கண்டார். சந்தையில் வாங்கி வந்த முயல்களின் சிறுநீர் தெளிவாக, அமிலமாக இருந்தது. புல் தின்னும் பிராணிக்கு அது கலங்கலாக, காரமாக இருக்க வேண்டும். முயல்கள் பட்டினி கிடந்து தம் உடலையே தின்றுகொண்டிருக்கின்றன என்று ஊகித்து அவற்றுக்குப் புல் போட்டார், சிறுநீர் காரமாகிவிட்டது. பட்டினி போட்டார், மறுபடியும் அமிலம். 1865-இல் வெளியான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். இன்றைக்குக் காகிதத் துண்டைச் சிறுநீரில் நனைத்து நிறம் மாறியதைக் காட்டுகிறவர்கள் காட்டுவது அந்த முயல் கதையைத்தான். சிறுநீரகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆனால் இரத்தத்தின் காரக் கையிருப்பு உண்மையாகவே காலியான காலம் ஒன்று இருந்தது. புக்கிட் மேராவில் உள்ள ஃபேபர் மலைமேல் ஏறித் தெற்கே பாருங்கள். கப்பல்களுக்குக் கொடி காட்டுவதற்காக 1845-இல் நிலையம் அமைத்த குன்று அது. தெற்கே தீவுக் கூட்டம் ஒன்று தெரியும். அதில் ஒன்று செயின்ட் ஜான்ஸ் தீவு. 1873-இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதன் பிறகு, 1874-இல் அங்கே நோய்த்தடுப்பு முகாம் திறந்தார்கள். டெக் பிரயாணிகளாக வந்த நம்மவர் பலர், பால்மரத்தைக் காணுமுன் கண்டது அந்தத் தீவைத்தான். கப்பலில் ஒருவருக்குப் பேதி கண்டால் எல்லாரும் அங்கே இறங்க வேண்டும். தீவில் அவர்களைப் பிரித்துவைக்க முடிந்தது. பிழைக்கவைக்க முடிந்ததா?

முடியாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, மறதியும்தான். 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் வாந்திபேதி வந்தபோது, ஒஷாக்னஸி என்ற அயர்லாந்துக்கார இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். அவருக்கு வயது 22. தண்ணீர் போயிருக்கிறது, உப்பு போயிருக்கிறது, இரத்தத்தில் இருக்க வேண்டிய காரமும் போயிருக்கிறது என்று கண்டு, போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் அதைச் செய்தே பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் உப்பும் சோடாவும் கலந்த நீரைச் செலுத்தினார். குழி விழுந்த கண்கள் திறந்தன, நாடி திரும்பியது. பிழைத்துவிட்டார் என்று எண்ணி லாட்டா நகர்ந்தார். மறுபடியும் பேதி கண்டது. மறுமுறை நீர் ஏற்றுவார் இல்லை. சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். பின்னால் வந்தவர்களில் சிலரை லாட்டா பிழைக்கவைத்தார். ஆனால் மறு வருஷமே அவரும் மறைந்தார். வைத்திய உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. ஒஷாக்னஸியோ 1833-இல் கல்கத்தாவுக்கு வந்து, ரசாயனம் போதித்து, பிறகு இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டுப் புகழ் பெற்றார். வாந்திபேதி மிகுந்த ஊரிலேயே இருந்தும் அந்தப் பழைய யோசனை நிலைபெறவில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

முக்கால் நூற்றாண்டு கழித்து அதே கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் என்ற டாக்டர் உப்பு நீரை மறுபடியும் கையில் எடுத்தார். நோயாளிகளில் 100-க்கு ஏறத்தாழ 60 பேர் இறந்த ஆஸ்பத்திரியில் அது 30 சொச்சமாகக் குறைந்தது. 1910-இல் மணிலாவில் செல்லார்ட்ஸ் என்ற அமெரிக்கர் வேறொன்றைக் கவனித்தார். சாதாரண மனிதருக்குக் கொஞ்சம் சோடா உப்புக் கொடுத்தாலே சிறுநீர் காரமாகிவிடும். வாந்திபேதிக்காரருக்கு எவ்வளவு கொடுத்தாலும் உடம்பு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கையிருப்பு அவ்வளவு காலி. பேதியோடு பைகார்பனேட் வெளியே ஓடுகிறது. நோயாளி ஆழ ஆழ மூச்சு வாங்குவது அந்தக் குறையை நிரப்ப நுரையீரல் படும் பாடு. ராஜர்ஸும் சோடாவைச் சேர்த்தார். சாவு இன்னும் குறைந்தது.

ஆயினும் ஊசியும் குழாயும் ஆஸ்பத்திரிக்குள்தானே கிடைக்கும்? வாயால் குடித்தே பிழைக்க முடியும் என்று கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இல் எழுதினார். கேட்பார் அதிகமில்லை. 1968-இல் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் அதைச் சோதனை செய்து நிலைநாட்டினார்கள். சர்க்கரை குடலுக்குள் போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னே தண்ணீர் போகிறது. பேதி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்த வழி அடைபடுவதில்லை.

1971-இல் வங்கதேசப் போர். எல்லையோரம் பங்காவ் என்னும் ஊரில் அகதிகள் குவிந்தார்கள், வாந்திபேதியும் குவிந்தது. தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்குரிய நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்து நூலக அறையில் உப்புப் பொட்டலம் கட்டச் செய்தார். பிளாஸ்டிக் பைகளின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். டிரம்மில் கலந்துவைத்து, தாய்மாரையும் உறவினரையுமே ஊட்டச் சொன்னார்கள். அந்த முகாமில் 100-க்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது. 2022-இல் மஹலனாபிஸ் காலமானார். மறு வருஷம் இந்திய அரசு பத்மவிபூஷண் அளித்தது.

இன்று கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தில் சோடா உப்புக்குப் பதில் சிட்ரேட் இருக்கும். அது உடம்புக்குள் போய்ப் பைகார்பனேட்டாக மாறும், பொட்டலமும் கெடாமல் இருக்கும். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்து, குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டலாம். கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் தவறு செய்யவில்லை. மாவுச்சத்து சேர்த்த கரைசல் வாந்திபேதிக்கு உதவுகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2000-இல் ஆராய்ச்சி முடிவே வெளியிட்டார்கள்.

இனி அந்த அம்மாளின் அரிப்பு. இரத்தம் காரம் என்றேன். தோலின் மேற்பரப்போ அமிலம். பி.எச். ஏறத்தாழ 5. 1928-இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மானிய டாக்டர்கள் இதை அமிலப் போர்வை என்றார்கள். கிருமிகளை அண்டவிடாமல் வைப்பதில் அதற்குப் பங்குண்டு. கட்டிச் சவர்க்காரமோ 9, 10 என்று நிற்கும் காரம். நல்ல தோல் சில மணி நேரத்தில் தன் புளிப்பைத் தானே மீட்டுக்கொள்ளும். வறண்ட தோல், கைக்குழந்தையின் தோல், முதியவர் தோல் ஆகியவற்றுக்கு அது சிரமம். துணி துவைக்கும் சவர்க்காரத்தைக் குழந்தை உடம்பில் தேய்ப்பதும், ஆசிட் பட்ட கையில் சுண்ணாம்பைப் பூசுவதும் கூடவே கூடாது. ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும். அந்த அம்மாளும் துணிச் சவர்க்காரத்தையே உடம்புக்கும் தேய்த்துவந்தார். சர்க்கரை ஏறினாலும் தோல் வறண்டு அரிக்கும்.

சர்க்கரை நோயில் இன்சுலின் அறவே குறைந்தால் இரத்தத்தில் அமிலம் உண்மையாகவே ஏறும். அதற்கு மருந்து இன்சுலினும் ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்பு நீரும்தான். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் காரம் சேரட்டும் என்று வாழைப்பழமும் கீரையும் அளவில்லாமல் தின்றால், பொட்டாசியம் சேர்ந்து இதயமே நின்றுவிடக்கூடும். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். கீரை நல்லது என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு.

மறுநாளே அந்த அம்மாளை மகன் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனார். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். புட்டியை என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனமில்லாமல், வாசலில் இருந்த துளசிக்கு ஊற்றிவிட்டாராம்.