அடிமைமுறை ஒழிப்பு நாள் (மொரிசியஸ்)

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான மொரிசியஸில் ஆண்டுதோறும் பிப்ரவரி 1ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் பொது விடுமுறை. 1835இல் இதே நாளில் தீவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 

பின்னணி

1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தனர்; 1710இல் தீவைக் கைவிட்டனர்.

1721இல் தொடங்கிய பிரெஞ்சுக் குடியேற்றம் மடகாஸ்கர், மொசாம்பிக், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை ஆகியவற்றிலிருந்து அடிமைகளை இறக்கியது. இந்தியாவிலிருந்தும் அடிமைகள் சென்றனர். அவர்களில் புதுச்சேரி வழியே அனுப்பப்பட்டோரும் உண்டு. ஆளுநர் லபூர்தொனே (1735–1746) காலத்தில் புதுச்சேரியிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட கைவினைஞர்களும் சென்றனர். ‘மலபார்’ என்ற சொல் இரு சாராரையும் குறித்ததால், பழைய ஏடுகளில் அவர்களைப் பிரித்தறிவது எளிதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவு மக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் அடிமைகள்.

1723ஆம் ஆண்டின் சட்டம் தப்பியோடுவோருக்கான தண்டனைகளை வரிசைப்படுத்தியது: முதல்முறை காதறுத்துச் சூடு, இரண்டாம் முறை முழங்காலின் பின்பக்க நரம்பறுப்பு, மூன்றாம் முறை மரணம். இவ்வளவுக்கும் பிறகு மலைகளிலும் காடுகளிலும் தஞ்சம் புகுந்தவர்கள் ‘மாரோன்’ எனப்பட்டனர். 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. அந்த ஆணையுடன் 1796இல் வந்த பாகோ, பர்னெல் என்னும் இரு தூதர்களைக் குடியேறிகள் சில நாள்களிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினர். அடிமைகள் மேலும் 39 ஆண்டுகள் காத்திருந்தனர்.

ஒழிப்பும் இழப்பீடும் (1832–1839)

இக்காலத்துக்கே ஆவணங்கள் மிகுதி. 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரிட்டன், குடியேறிகளின் சட்டங்களையும் வழக்கங்களையும் காப்பதாக உறுதியளித்திருந்தது. 1832இல் ஒழிப்பு ஆதரவாளரான ஜான் ஜெரமி உயர் சட்ட அலுவலராக வந்தபோது, தோட்ட முதலாளிகள் கடைகளை அடைத்துக் கிளர்ச்சி செய்து அவரை வெளியேறச் செய்தனர். அவர்கள் சார்பில் அத்ரியன் தெப்பினே லண்டன் சென்று இழப்பீட்டுக்காக வாதாடினார்.

1833ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதில் மொரிசியஸுக்கு வந்தது ஏறத்தாழ 21 லட்சம் பவுண்டு. தீவில் சுமார் 66,000 பேர் அடிமைகளாக இருந்தனர். அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த இழப்பீட்டுக்காகப் பிரிட்டன் வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்து முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இதே சட்டம் விலக்கு அளித்திருந்ததால், தமிழகம் இதன் வரம்புக்குள் வரவில்லை.

1835 பிப்ரவரி 1 முழு விடுதலை நாள் அல்ல. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் உடனே விடுபட்டனர். மற்றவர்கள் ‘தொழில் பயிலுநர்’ என்ற புதுப்பெயரில் பழைய எசமானரிடமே ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. சிலர் சேமித்த பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினர். 1839 மார்ச் 31இல் இம்முறை முடிந்ததும் பெரும்பாலானோர் கரும்புத் தோட்டங்களை விட்டகன்றனர். உழைக்க மனமின்றிச் சென்றனர் என்பது காலனியக் குறிப்புகளின் கூற்று. பிற்கால ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை.

லெ மோர்ன்

தீவின் தென்மேற்கு முனையில் கடலோரமாக 556 மீட்டர் உயரத்தில் நிற்கும் செங்குத்தான பாறைமலை. மாரோன்களின் புகலிடம். விடுதலைச் செய்தியை அறிவிக்கக் காவலர்கள் மலையேறினர் என்றும், பிடிக்க வருகிறார்கள் என்று அஞ்சியவர்கள் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்றும் வாய்மொழி மரபு கூறும். அக்கால எழுத்துச் சான்று இதற்குக் கிடைக்கவில்லை. அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் நினைவில் இம்மலைக்குள்ள இடம் அதனால் குறையவில்லை. இழப்பீட்டு ஏடுகள் உரிமையாளர் பக்கமிருந்து எழுதப்பட்டவை. மலையைப் பற்றிய கதையோ அடிமைகளின் வழித்தோன்றல்கள் சொல்லி வந்தது. 2008இல் யுனெஸ்கோ இம்மலையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

செகா

அடிமைக் குடியிருப்புகளில் பிறந்த ஆடலும் பாடலும். ராவான் என்ற ஆட்டுத்தோல் பறையே இதன் உயிர். வாசிக்கும் முன் அதைத் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள். தோல் இறுகிய பின்பே குரல் தெளியும். விதைகள் நிரப்பிக் குலுக்கும் மரவானும் முக்கோணக் கம்பியும் உடன் சேரும். மொரிசியஸின் மரபுவழிச் செகா 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அண்மைக்காலம்

நீண்டகாலம் அடிமைமுறை ஒழிப்பு நாளுக்கு அரசு விடுமுறை இல்லை. 2001 முதல் உண்டு. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின் வருகை நாளான நவம்பர் 2உம் அதே ஆண்டில் விடுமுறையானது. அந்நாள் குறிக்கும் முதல் குழு 1834இல், அதாவது ஒழிப்புக்கு மூன்று மாதம் முன்பே, வந்திறங்கிவிட்டது. பின்னர் வந்த லட்சக்கணக்கானோரில் சென்னையில் கப்பலேறிய தமிழரும் அடங்குவர். 2009இல் லெ மோர்ன் அடிவாரத்தில் அடிமை வழித்தட நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அடிமைமுறையின் விளைவுகளை ஆராய்ந்த உண்மை, நீதி ஆணையம் 2011இல் அறிக்கை அளித்தது. போர்ட் லூயிஸின் பழைய படை மருத்துவமனையில் அடிமைமுறை அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

பிப்ரவரி 1 அன்று லெ மோர்ன் அடிவாரத்தில் மக்கள் கூடி மலர் வைத்து வணங்குகின்றனர்.