மத்ரஸாத் திண்ணையிலிருந்து பல்கலைக்கழக மண்டபம் வரை

 



பூவரசங்குளத்திலிருந்து மன்னார் வீதி வழியாக வவுனியா நகருக்குச் செல்லும் பஸ், பம்பைமடுவில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கடந்தே செல்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997 இல் ஆரம்பமாகி, 2021 ஆகஸ்ட் மாதத்தில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த நிறுவனம் அது. தனிப் பல்கலைக்கழகமானபோது அங்கு பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்களே இருந்தன. கலைப்பீடம் இருக்கவில்லை, ஆகவே அறபும் இருக்கவில்லை. அறபைப் பட்டப்படிப்பாகக் கற்க விரும்பும் நமது பிள்ளை அந்த வாயிலைக் கடந்து நெடுந்தூரம் போக வேண்டியவளாகவே இருக்கிறாள்.

ஒரு ஜும்ஆவின் பின்னர் இப்பகுதித் தந்தையொருவர் என்னிடம் வந்தார். "மௌலவி, மகளுக்கு உயர்தரத்தில அறபும் இஸ்லாமிய நாகரிகமும் நல்லா வந்திருக்கு. கம்பசுக்கு அனுப்பலாமோ? மார்க்கத்தை மத்ரஸாவில தானே படிக்க வேணும், கம்பஸில என்ன மார்க்கம் படிப்பிக்கப் போறாங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதிலளிக்க எனக்கு மனம் வரவில்லை. இக்கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

மத்ரஸா வேறு, பல்கலைக்கழகம் வேறு என்ற பிரிவினை நமது முன்னோர் அறியாதது. மொரோக்கோவின் பாஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசல், பாத்திமா அல்பிஹ்ரிய்யா என்ற பெண்மணியால் கி.பி. 859 இல் நிறுவப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கெய்ரோவின் அல்அஸ்ஹர் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவில் பேராசிரியராக நியமிக்கப்பட்டது 1091 இல். அங்கே பிக்ஹும் கற்பிக்கப்பட்டது, வாதமும் கற்பிக்கப்பட்டது. ஆசிரியரிடம் ஆட்சேபம் எழுப்புவது மாணவனின் கடமைகளில் ஒன்றாகவே கருதப்பட்டது. (இன்று நமது வகுப்பறைகள் சிலவற்றில் அது அதபுக் குறைவாகக் கருதப்படுவது வேறு கதை.)

ஐரோப்பியரும் அறபின் பெறுமதியை உணரத் தாமதிக்கவில்லை. ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் 1613 இல் அறபுக்கெனப் பேராசிரியர் ஒருவரை நியமித்தது. ஒக்ஸ்போர்டில் 1636 இல் அறபுப் பேராசிரியர் பதவி உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் எட்வர்ட் பொகொக். ஹலப் நகரில் ஆங்கில வணிகர்களின் பாதிரியாராகப் பல ஆண்டுகள் தங்கி, அங்குள்ள அறிஞர்களிடமே அறபு கற்றவர் அவர். அவரைப் போன்றோரின் நோக்கங்கள் நமது நோக்கங்கள் அல்ல. ஆயினும் அறபு நூல்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பதிப்பிப்பதில் அவர்கள் காட்டிய உழைப்பை மறுப்பது நீதியாகாது.

இலங்கைக்கு வருவோம். வெலிகம மத்ரஸத்துல் பாரி 1884 இலும், காலி பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா 1892 இலும் தோன்றின. அதே 1892 இல்தான், பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை கொழும்பு மருதானையில் அறிஞர் சித்திலெப்பை போன்றோரின் முயற்சியால் ஆரம்பமானது. ஒருபுறம் அறபுக் கல்லூரி, மறுபுறம் ஆங்கிலப் பாடசாலை. இவ்விரு பாதைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சந்திக்கவே இல்லை. மிஷனரிக் கல்வி பிள்ளையின் ஈமானைப் பறித்துவிடும் என்று அஞ்சிய பெற்றோரை நாம் எளிதில் குறைகூற முடியாது. ஆனால் அந்த அச்சத்தின் விலையை அடுத்த இரு தலைமுறைகள் செலுத்தின.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பாளி, சமஸ்கிருதம் போன்ற செம்மொழிகளுக்கு அங்கு இடம் இருந்தது. 1940களிலேயே அறபுக்கும் ஒரு துறை கிடைத்தது, கலாநிதி எஸ். ஏ. இமாம் அவர்கள் அதில் கற்பித்தார். பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது அத்துறையும் சென்றது. பிற்காலத்தில் அறபு, இஸ்லாமிய நாகரிகத் துறை எனப் பெயர் பெற்றது. பேராதனையில் நீதியரசர் எம். ரீ. அக்பர் அவர்களின் பெயரால் மாணவர் விடுதி ஒன்று இன்றும் நிற்கிறது.

இக்காலப்பகுதியில் நாம் நினைவுகூர வேண்டியவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த வடபுல முஸ்லிம். குர்ஆன் மத்ரஸாவிலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமானார். பணமின்மையால் உயர்கல்வியை இழக்கும் பிள்ளைகளுக்காக 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்தார். 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபராக இருந்தார். நவீன கல்வியையும் அறபையும் தமிழையும் அவர் ஒன்றுக்கொன்று எதிரானவையாகப் பார்க்கவில்லை. வடக்கு மண் ஈன்ற இந்த மனிதரைப் பற்றி நமது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வேதனை தரும் விடயம்.

பேராதனை அறபுத் துறையின் மாணவர்களுள் கலாநிதி எம். ஏ. எம். சுக்ரி அவர்கள் தனியிடம் பெறுபவர். 1940 இல் பிறந்த அவர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1976 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு அப்போது அறபுப் பேராசிரியராக இருந்தவர், நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற கிறிஸ்தவ மதகுருவான மொண்ட்கொமரி வொட். சுக்ரி அவர்களின் ஆய்வுப் பொருளோ இமாம் அபூதாலிப் மக்கீ (ரஹ்) அவர்களின் 'கூதுல் குலூப்' என்னும் தஸவ்வுப் பெருநூல். எடின்பரோவில் ஈமானைத் தொலைத்துவிட்டு வரவில்லை அவர். பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973 இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாவுக்குத் தம் அறிவைக் கொண்டுவந்து, 2020 இல் வபாத்தாகும் வரை அதனுடனேயே வாழ்ந்தார். நளீமிய்யாவில்தான் இரண்டு பாதைகளும் முறையாகச் சந்தித்தன. ஷரீஆத் துறைகளைக் கற்ற மாணவர்கள் பேராதனையின் வெளிவாரிக் கலைமாணிப் பரீட்சைக்கும் தோற்றினார்கள்.

வடக்கின் நிலை என்ன? 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. அங்கும் இஸ்லாமிய நாகரிகம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. வடபுல முஸ்லிம் மாணவன் தன் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியில் சென்று பட்டம் பெறக்கூடிய ஒரு காலம் வாய்த்தது. 1990 ஒக்டோபரில் அது முடிந்தது. விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலங்களில் வெளியேற்றப்பட்டனர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் என ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளாயினர். புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதற்கவலை சாதாரண தரத்தில் சித்தியடைவதே. பட்டப்படிப்பு என்ற எண்ணம் பல குடும்பங்களில் ஒரு தலைமுறை முழுவதும் எழவே இல்லை. இழந்த வீட்டையும் வயலையும் கணக்கெடுத்தோம். இதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

கிழக்கிலும் யுத்தம் முஸ்லிம் மாணவர்களின் பல்கலைக்கழகக் கல்வியைக் குழப்பியது. ஆனால் அங்கு அரசியல் பலம் இருந்தது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் 2005 இல் இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிப் பீடம் தனியாக நிறுவப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகத் தொடங்கியது அறுபது ஆண்டுகளின் பின் ஒரு பீடமானது. அங்கு பெண் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கற்கின்றனர். அறபுக் கல்லூரி மாணவனென்றால் ஆண்பிள்ளை என்றே பொருள்பட்ட காலத்தை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று.

2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் இந்நாட்டில் அறபு எழுத்தே சந்தேகத்திற்குரியதாகப் பார்க்கப்பட்டது. அறபுப் பெயர்ப்பலகைகள் பல அகற்றப்பட்டன. அக்காலத்தில் நான் அடிக்கடி எண்ணியது இதுதான்: அரச பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் எழுத்தில் இருக்கிறது, எவரும் அதை வாசிக்கலாம், பரீட்சை வினாத்தாள் இருக்கிறது, எவரும் அதைப் பார்க்கலாம். பௌத்த, இந்து மாணவர்களும் நடமாடும் வளாகத்தில் நமது பிள்ளை அறபு கற்கிறாள். நம்மைப் பற்றிய அச்சத்திற்கு மேடையில் நாம் அளிக்கும் விளக்கத்தைவிட அது வலுவான பதில்.

இனி என் அனுபவத்தில் ஒன்று. அறபுக் கல்லூரியில் 'பத்ஹுல் முஈன்' என்ற ஷாபிஈ பிக்ஹு நூலை ஆசிரியரின் முன்னிலையில் ஓதினேன். எந்த மஸ்அலா எந்தப் பாபில் வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதை எழுதிய ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) யார் என்று கேட்டிருந்தால் வாயடைத்திருப்பேன். பல ஆண்டுகளின் பின் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில்தான், அவர் நமக்கு அண்மையிலுள்ள மலபாரின் பொன்னானியில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்றும், போர்த்துக்கேயரின் கொடுமைகளைப் பற்றி 'துஹ்பதுல் முஜாஹிதீன்' என்ற வரலாற்று நூலை அறபில் எழுதியவர் என்றும் அறிந்தேன். நமது கரையோர முஸ்லிம்களைத் துன்புறுத்திய அதே போர்த்துக்கேயர்! நான் மனனமிட்ட சட்டங்களுக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு காலமும் இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனால் அதே கருத்தரங்கில் இன்னொன்றையும் கண்டேன். மக்தூம் அவர்களைப் பற்றித் தமிழில் அழகாகக் கட்டுரை வாசித்த ஒரு பட்டதாரி, அவரது நூலின் ஹரகத் இல்லாத பக்கமொன்றை நீட்டியபோது இரண்டு வரிகளைக்கூட வாசிக்க முடியாமல் தடுமாறினார். இஸ்லாமிய நாகரிகத்தைத் தமிழ்க் குறிப்புகளிலேயே கற்று, ஆசிரியர் நியமனத்திற்காக மட்டும் பட்டம் பெறுவோர் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்தே அந்தத் தந்தை அஞ்சுகிறார். அவர் அச்சத்தில் உண்மை இருக்கிறது. என் பக்கக் குறையும் குறையே, பட்டதாரியின் குறையும் குறையே. முன்னையதை மூடிவிட்டுப் பின்னையதை மட்டும் மிம்பரில் பேசுவது நமது உலமாக்கள் சிலரின் வழக்கமாகிவிட்டது.

ஆகவே அந்தத் தந்தையிடம், மகளை அழைத்து வரும்படி சொன்னேன். மறுநாள் அஸருக்குப் பின் இருவரும் வந்தனர். ஒலுவில் எவ்வளவு தூரம், மட்டக்களப்பு, கல்முனை வழியாகப் போய்ச் சேர எத்தனை பஸ் மாற வேண்டும், விடுதியில் இடம் கிடைக்குமா என்பதையெல்லாம் தந்தை கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். பிள்ளை பேசாமல் இருந்தாள். 'பத்ஹுல் முஈனை' எடுத்து, நோன்பின் பாடத்தைத் திறந்து அவள் முன் வைத்தேன். மெதுவாக வாசித்தாள். இரண்டு இடங்களில் இஃராபில் பிழைத்தாள். ஒன்றைத் தானாகவே திருத்திக்கொண்டாள். பிறகு தலையை உயர்த்தி, "மௌலவி, இந்த இடத்தில இவர் ஏன் மற்ற இமாமுடைய கருத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தந்தை பல்கலைக்கழக விண்ணப்பக் கைநூலைப் பையிலிருந்து எடுத்தார். முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.